காதின் மூலைமுடுக்கை எண்டோஸ்கோப் எப்படிப் பார்க்கிறது?

காதில் துர்நாற்றத்துடன் சீழ் வடிகிறது. மருந்து விட்டால் நின்று, மீண்டும் வருகிறது. கேட்கும் திறனும் குறைகிறது. கொலஸ்டியட்டோமா காரணமாக இருக்கலாம்.

ஏன் வருகிறது? நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் யூஸ்டேக்கியன் குழாய் சரியாகத் திறக்காவிட்டால், நடுக்காதில் காற்றழுத்தம் குறையும். செவிப்பறை உள்ளிழுக்கப்பட்டுப் பையாகக் குழியும். அதன் வெளிப்புறத் தோலிலிருந்து உதிரும் செதில்கள் அதில் சேர்ந்து பெருகும். இதுவே கொலஸ்டியட்டோமா. இது புற்றுநோய் அல்ல. ஆனால் ஒலியைக் கடத்தும் சிற்றெலும்புகளை அரிக்கும். முக நரம்பு, மூளை வரை பாதிப்பு போகலாம்.

எப்படி அகற்றுகிறார்கள்? அறுவையில் பயன்படும் மைக்ரோஸ்கோப் நேர்கோட்டில்தான் காட்டும். சாவித்துவாரம் வழியே அறையைப் பார்ப்பதுபோல மூலைகள் தெரியாது. எனவே பெரும்பாலும் காதுக்குப் பின்னால் கீறி, எலும்பைக் குடைவார்கள். 3 அல்லது 4 மி.மீ. தடிமனுள்ள எண்டோஸ்கோப்போ காதுத் துளை வழியாகவே நுழையும். 30, 45 டிகிரி சாய்ந்த லென்ஸ்கள் மறைவிடங்களையும் காட்டும். துளித் தோல் மிஞ்சினாலும் நோய் திரும்பலாம் என்பதால் இது முக்கியம்.

குறையும் உண்டு. ஒரு கை எண்டோஸ்கோப்பைப் பிடிக்க, மறுகையால் மட்டுமே அறுவை செய்யவேண்டும். ரத்தம் கசிந்தால் சிரமம். காதுக்குப் பின்னால் உள்ள எலும்புக்குள் நோய் ஆழப் பரவியிருந்தால் குடைந்தே ஆகவேண்டும்.

நாற்றமுள்ள சீழ் வடிந்தால் காதில் எண்ணெய் விடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.