பெயர் வந்த வழி – 14: வாலுக்கு வந்த யாக்கோபு

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் போரூரைத் தாண்டினால் ஐயப்பன்தாங்கல். தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஏரியால் பெயர் பெற்ற ஊரில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும் மாநகரப் பேருந்துப் பணிமனையும்தான் கண்ணில் படும். அங்கே ஒரு குடியிருப்பின் வாசல் பெயர்ப்பலகையில் அருண் ஜேக்கப், பி. சந்தியாகு, ஒரு சாக்கோ, ஒரு யாகூப் என்று நான்கு பெயர்கள் அடுத்தடுத்து இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் நான்கும் ஒரே எபிரேயப் பெயர். அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்தவர் என்று ஆதியாகமம் சொல்லும் யாக்கோபு, இங்கே நாலு வழியாக வந்து சேர்ந்திருக்கிறார். சிரியாக் வழிபாட்டு மொழி வழியாகக் கேரளத்துக்குப் போனவர் சாக்கோ ஆனார். அரபு வழியாக வந்தவர் யாகூப். லத்தீனிலிருந்து ஐபீரிய மொழிகளுக்குப் போய் இயாகு ஆனவர், புனிதரைக் குறிக்கும் அடைமொழியையும் ஒட்டிக்கொண்டு சந்தியாகு என்று நம் கடற்கரையில் இறங்கினார். தங்கச்சிமடத்துச் சந்தியாகப்பர் அவர்தான். ஆங்கிலத்தில் ஜேக்கப் மட்டுமல்ல, ஜேம்ஸும் இவரே.

சென்ற வாரம் பெர்னாண்டோ, கோஸ்தா போன்ற போர்த்துகீசியக் குடும்பப் பெயர்கள் 1530-களில் முத்துக்குளித்துறைக்கு எப்படி வந்தன என்று பார்த்தோம். அவை குடும்பப் பெயராகவே கப்பலேறி வந்தவை. எபிரேயப் பெயர்களின் கதை வேறு. அவை ஆள்பெயராக வந்தன. குடும்பப் பெயராக அவை மாறியது தமிழ்நாட்டில்தான், அதுவும் அண்மையில்தான் என்பது என் வாதம். பின்னால் ஜேக்கப், சாமுவேல், ஆபிரகாம் என்று வைத்திருக்கும் தமிழரின் பெயரில் யூத வம்சத்தின் சுவடைத் தேடுவது வீண் வேலை.

பழைய பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கடலூர் ஆறுமுகம் 1718-இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733-இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டண்டுகளில் முதலில் குருவானவர் இவர். இவருக்கு ஆரோன் என்பதுதான் பெயரே. 1826-இல் பிறந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’ ஆசிரியர் சாமுவேல் வேதநாயகம் பிள்ளை. அவருடைய தகப்பனார் பெயர் சவரிமுத்து. ‘கருணாமிர்த சாகரம்’ எழுதிய தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) முன்னால் எபிரேயத்தையும் பின்னால் பண்டிதரையும் வைத்திருந்தார். இசை ஆய்வில் அவர் வழியில் நடந்த மகன், வரகுண பாண்டியன் என்றே அறியப்பட்டார். எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று சென்னையின் சத்தியநாதன் குடும்பம். தந்தை டபிள்யூ. டி. சத்தியநாதன் திருச்சபை ஊழியர்; மகன் சாமுவேல் சத்தியநாதன் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர்; மருமகள் கிருபாபாய் சத்தியநாதன் நாவலாசிரியர். ஆங்கிலேயர் பாணியில் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளத் துணிந்த அந்தக் குடும்பம், தலைமுறை தாண்டி எடுத்துச் செல்லத் தேர்ந்தது சத்தியநாதனைத்தான், சாமுவேலை அல்ல. ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எபிரேயம் முன்னே, தமிழோ சாதிப் பட்டமோ பின்னே. இன்று அருண் ஜேக்கப்பில் அது தலைகீழாகிவிட்டது.

தலைகீழானதற்கு முதல் காரணம் வால் அறுந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. பிள்ளையும் நாடாரும் பெயரிலிருந்து மெல்ல உதிர்ந்தன. கிறிஸ்தவர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. (பெயரிலிருந்து போனதெல்லாம் திருமணப் பேச்சிலிருந்தும் போய்விட்டதா என்பது வேறு கேள்வி.) அதே நூற்றாண்டில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயரோ பொதுப் பெயரோ வைக்கும் வழக்கமும் பெருகியது. மிஞ்சியது தகப்பன் பெயரின் முதலெழுத்து. ஜேக்கப்பின் மகன் பள்ளிச் சான்றிதழில் ஜே. அருண், அருணின் மகளுக்கு இனிஷியல் ஏ. இந்த முறையில் ஜேக்கப்பின் ஆயுள் ஒரே தலைமுறைதான்.

அந்த ஆயுளை நீட்டித்தது பாஸ்போர்ட் விண்ணப்பம். அதில் ‘சர்நேம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், சொந்தப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’, அதாவது முதற்பெயர் தெரியாதவர் என்று விழும். ஐ.டி. வேலைக்காக வெளிநாடு போகிறவர் என்ன செய்வார்? இனிஷியலை விரித்து அந்தக் கட்டத்தில் போடுவார். அருணுக்கு அயல்நாட்டில் பிறக்கும் குழந்தை பெரும்பாலும் அதே ஜேக்கப்போடு பதிவாகும். ஒரு தாத்தாவின் ஆள்பெயர் வம்சப் பெயராவதற்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது.

கொச்சியில் உண்மையான யூதர்கள் இருந்தார்களே என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னர் பாஸ்கர ரவி வர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய செப்பேட்டில், ஓர் எபிரேயப் பெயர் வட்டெழுத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சமூகம் சிறியது, தனித்து வாழ்ந்தது. இஸ்ரேல் உருவானபின் பெரும்பகுதி அங்கே குடியேறிவிட்டது. சென்னையின் சொந்த யூதர்களோ இன்னும் சுவையானவர்கள். வைர, பவள வணிகத்துக்காக வந்து, 1688-இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியிலும் இடம்பெற்ற அவர்களின் பெயர்கள் ரோட்ரிகஸ், ஃபொன்சேகா. பைவா என்றும் ஒருவர் இருந்தார். ஐபீரிய வழிவந்தவர்கள் ஆகையால் எல்லாமே போர்த்துகீசியம். அசல் யூதரின் குடும்பப் பெயரில் எபிரேயம் இல்லை!

இன்னொரு சோதனையும் இருக்கிறது. யூதரிடையே குருமரபைக் காட்டும் குடும்பப் பெயர் கோகென். வம்சம் வழியாகப் பெயர்கள் இங்கே வந்திருந்தால் அதுவும் வந்திருக்கவேண்டும். தமிழ்க் கிறிஸ்தவர் புழக்கத்தில் அது இல்லை. காரணம் எளிது: கோகென் பதவிப் பெயர், பைபிளில் எந்த ஆளுக்கும் இட்ட பெயர் அல்ல, ஆகவே ஞானஸ்நானத் தொட்டியருகே அதைக் குழந்தைக்கு வைக்க வழியில்லை. நம்மிடம் இருப்பவை அனைத்தும் வேதாகம மாந்தரின் பெயர்களே.

கடைசியாக ஒன்று: தகப்பன் பெயரை நீட்டி எழுதியதெல்லாம் குடும்பப் பெயராகுமா என்பார்கள். ஆகும். வேல்ஸில் ‘தாவீதின் மகன்’ என்று சொல்லிவந்தவர்கள் ஆங்கில ஆட்சியின் ஆவணங்களுக்குள் வந்தபோது டேவிஸ் ஆனார்கள். இன்று அங்கே மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் அதுவும் ஒன்று. அவர்களை யூதர் என்று எவரும் சொல்வதில்லை. யூதர்களுக்கே பல நாடுகளில் நிலையான குடும்பப் பெயரை அரசுதான் கட்டாயமாக்கியது: ஆஸ்திரியாவில் இரண்டாம் யோசேப்பு 1787-இல், பிரான்சில் நெப்போலியன் 1808-இல். அங்கே சட்டம் செய்ததை இங்கே ஒரு விண்ணப்பக் கட்டம் செய்திருக்கிறது, அவ்வளவே.

ஆகவே அருண் ஜேக்கப்பின் பேத்தி ஒருநாள் தன் வேரைத் தேடினால், உலகக் குடும்பப்பெயர் அகராதிகள் அவளை நேரே கானானுக்கு அனுப்பிவைக்கும். அவள் போகவேண்டியது கொள்ளுத் தாத்தாவோ அவருக்கும் முந்தியவரோ ஞானஸ்நானம் பெற்ற ஊர்க் கோயிலுக்கு. அங்கே பழைய பதிவேடு கரையான் அரிக்காமல் இருந்தால், ஆரோனுக்கு முன் ஆறுமுகம் இருந்ததுபோல, தன் குடும்பத்திலும் முதல் பைபிள் பெயருக்கு முன் யார் இருந்தார் என்று அவள் பார்க்கலாம்.

(தொடரும்)