யானைக் கன்றும் காண்டாமிருகக் கன்றும்

தென்னாபிரிக்காவில், அணைந்துபோன பழைய எரிமலையொன்றின் குன்றுகளுக்கு நடுவே பிலானெஸ்பேர்க் என்னும் விலங்குச் சரணாலயம் இருக்கிறது. 1992ஆம் ஆண்டு தொடக்கம் 1997ஆம் ஆண்டு வரை அங்கே 40இற்கு மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. கள்ள வேட்டைக்காரரின் செயலென்று கொள்ள இடமிருக்கவில்லை. அவர்கள் நாடும் கொம்புகள் வெட்டப்படாமலே இருந்தன. உடல்களிற் காணப்பட்டவை தந்தத்தாற் குத்திய காயங்கள். கொன்றவை இளம் ஆண் யானைகள் என்பது பின்னர் தெளிவாயிற்று.

யானை புல்லும் தழையும் உண்பது. காண்டாமிருகம் அதற்கு இரையன்று. தண்ணீர்த் துறையிற் சிறு பூசல் நேர்ந்தாலும், வழக்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று விலகிச் செல்பவை. அவ்வாறாயின் இத்தனை கொலைகளுக்குக் காரணம் யாது? இதனை விளங்கிக்கொள்ள, இவ்விரு பெருவிலங்குகளும் எவ்வாறு துணை தேடுகின்றன, கன்றை எவ்வாறு வளர்க்கின்றன என்பதை நாம் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும்.

முதலில் வெள்ளைக் காண்டாமிருகத்தை எடுத்துக்கொள்வோம். வலிமை வாய்ந்த ஆண் தனக்கென ஒரு நிலப்பகுதியை வகுத்துக்கொள்ளும். எல்லையோரங்களிற் சாணத்தைக் குவித்தும் சிறுநீரைத் தெளித்தும் உரிமையை அறிவிக்கும். பெண் இவ்வெல்லைகளைப் பொருட்படுத்தாது பலருடைய நிலங்களிலும் மேய்ந்து திரியும். அது கருவுறும் பருவத்தை அடையும்போது நிலத்துக்குரிய ஆண் அதனைப் பல நாள் பின்தொடரும்; எல்லையைத் தாண்டப் பார்த்தால் குறுக்கே நின்று மறிக்கும். பெண்ணும் எளிதில் இணங்குவதில்லை, சீறித் துரத்தும். இறுதியிற் கூடிய பின்னர் இரண்டும் தத்தம் வழியே போய்விடும். கன்றை வளர்ப்பதில் தந்தைக்குப் பங்கு சிறிதுமில்லை.

ஏறத்தாழ 16 மாதங்கள் கருவைச் சுமந்த தாய், தனிமையான இடம் தேடிச் சென்று ஒரே ஒரு கன்றை ஈனும். அபாயம் நேர்ந்தாற் கன்று முன்னே ஓட, தாய் பின்னே காவலாய் ஓடும். கறுப்புக் காண்டாமிருகத்திலோ தாய் முன்னும் கன்று பின்னுமாக ஓடுவது வழக்கம். இரண்டு மூன்று ஆண்டுகளில் அடுத்த கன்று பிறக்கவே, தாய் மூத்ததை விரட்டிவிடும். விரட்டப்பட்டது தன்னையொத்த இளையதொன்றுடனோ கன்றில்லாத பெண்ணொன்றுடனோ சேர்ந்து திரியும். பள்ளிக்கூடம் நடத்துபவன் என்ற முறையிற் சொல்வதானால், காண்டாமிருகத்துக்கு ஒரே ஆசிரியை, மூன்றாண்டுப் படிப்பு.

யானையின் படிப்போ மிக நீண்டது. 22 மாதங்கள் கருவிலிருந்து, ஏறத்தாழ 100 கிலோகிராம் எடையுடன் பிறக்கும் கன்று, பிறந்த கணத்திலேயே ஒரு கூட்டத்தின் நடுவில் நிற்கிறது. தாய், தமக்கை, சிறிய தாய், பாட்டி எனப் பலர் சூழ்ந்திருப்பர். கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது மூத்த பெண் யானை. வறட்சியில் எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த ஒலிக்கு அஞ்ச வேண்டும் என்பன அதன் நினைவில் உள்ளவை. தும்பிக்கையை என்ன செய்வதென்று அறியாது தடுமாறும் கன்றை இளம் பெண் யானைகள் தாங்கியும் தடுத்தும் பார்த்துக்கொள்ளும்; பிற்காலத்திற் தாயாவதற்கு அவற்றுக்கும் அது பயிற்சி. பெண் கன்று ஆயுள் முழுவதும் அக்கூட்டத்திலேயே தங்கிவிடும்.

ஆண் கன்று 12 முதல் 15 வயதளவிற் கூட்டத்தை விட்டுப் பிரிகிறது. அத்துடன் அதன் வளர்ப்பு முடிந்துவிட்டது என எண்ணுதல் தவறு. அதன் பின் அது முதிர்ந்த ஆண்களை அண்டி வாழக் கற்கிறது. இங்கேதான் மதம் என்பது வருகிறது. கன்னத்தில் மதநீர் ஒழுக, சினமும் வேட்கையும் மிகும் இந்நிலையைத் தமிழர் தொன்றுதொட்டு அறிவர். ஆபிரிக்க யானைக்கும் அது உண்டென்பதை அறிவியலுலகு ஏற்றதோ 1981இற்றான். கென்யாவின் அம்போசெலியில் யானைகளை ஆராய்ந்த ஜொய்ஸ் பூல், சிந்தியா மொஸ் என்னும் இரு பெண்மணிகள் அவ்வாண்டில் அதனை நிறுவினர்.

பெண் யானை நான்கைந்து ஆண்டுக்கொருமுறை, சில நாட்கள் மட்டுமே கருவுறும் நிலையில் இருக்கும். அப்போது அது பெரிதும் நாடுவது மதங்கொண்ட முதிர்ந்த ஆணையே. ஆகவே ஆண் யானைகளுட் பெரும்பாலானவை முப்பது வயதளவிற்றான் தந்தையாகின்றன. இளையதொன்று மதங்கொண்டு திரியும்போது தன்னிலும் பெரிய ஆணைச் சந்தித்தால், அதன் மதம் விரைவில் அடங்கிவிடும். முதியவை அருகிலிருத்தலே இளையவற்றுக்குக் கட்டுப்பாடு.

பிலானெஸ்பேர்க்கின் இளம் யானைகளுக்கு இக்கட்டுப்பாடு கிட்டவில்லை. குரூகர் தேசியப் பூங்காவில் யானைத் தொகையைக் குறைப்பதற்காக 1967 முதல் 1994 வரை கூட்டங்கூட்டமாகச் சுட்டுக் கொன்றனர். அவ்வேளையிற் சில சிறு கன்றுகளைக் கொல்லாது விட்டு, வேறு சரணாலயங்களுக்கு அனுப்பினர். வளர்ந்த யானைகளை ஏற்றிச் செல்லும் வசதி அந்நாளில் இருக்கவில்லை. தாயையும் உறவையும் இழந்த கன்றுகள், வழிகாட்ட ஒரு முதியதுமின்றி வளர்ந்தன. அவற்றுள் ஆண்கள் இருபது வயது நிரம்புமுன்னரே மதங்கொண்டன; அம்மதமும் உரிய காலத்தில் அடங்காது நீண்டது. அதற்குப் பலியானவை, மெல்லப் பெருகும் இனமாகிய காண்டாமிருகங்கள். ஒரு தாய் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு கன்றே ஈனுவதால், 40 உயிர்களின் இழப்பைச் சரணாலயம் எளிதில் ஈடுசெய்ய இயலாது.

கொலை செய்த யானைகளுட் சிலவற்றைக் காவலர் சுட்டனர். அது நிலையான தீர்வாகவில்லை. 1998இல் குரூகரிலிருந்து ஆறு முதிர்ந்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டனர். வளர்ந்த யானைகளை ஏற்றும் முறை அதற்குள் கைகூடியிருந்தது. வந்தவை யாரையும் தண்டித்துத் திருத்தின என்று எண்ணவேண்டாம்; அங்கே நடமாடின, அவ்வளவே. இளையவற்றின் மதக்காலம் சுருங்கிற்று. காண்டாமிருகக் கொலைகள் நின்றன. ஆராய்ச்சியாளர் ரொப் ஸ்லோட்டோவும் துணைவரும் 2000ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர்.

அதே நாட்டின் ஹுலுஹுலுவே-உம்பொலோசியிலும் அநாதை யானைகள் காண்டாமிருகங்களைக் கொன்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் சிறு தொகையினதாக எஞ்சி நின்று உயிர்தப்பிய இடம் அதுவே. இப்போது யானைகளை இடம் மாற்றுவோர், கன்றுகளை மட்டும் பிரித்தெடுக்காது குடும்பம் குடும்பமாகவே ஏற்றிச் செல்ல முயல்கின்றனர். முதிர்ந்த ஆண்களையும் உடன் சேர்க்கின்றனர்.