முட்டையின் நிறமும் கோழியின் இனமும்

ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களும் கூடும் மூலையில் அமைந்திருப்பது சித்தூர் மாவட்டத்துக் குப்பம். இப்பகுதியின் கிராமங்களில் தெலுங்கு பேசுவோர் ‘நாட்டு கோடி’ என்பதும், தமிழ் பேசுவோர் ‘நாட்டுக் கோழி’ என்பதும் ஒரே பறவையைத்தான். அதன் முட்டைக்கு வெள்ளை முட்டையைக் காட்டிலும் கூடுதல் விலை உண்டு. வாங்குவோர் பெரும்பாலும் ஓட்டின் நிறம் ஒன்றையே பார்க்கின்றனர். ஓடு பழுப்பாகவோ சந்தன நிறமாகவோ இருந்தால் நாட்டுக் கோழியின் முட்டை என்றும், வெண்மையாயிருந்தால் பண்ணை முட்டை என்றும் தீர்மானித்துவிடுகின்றனர். இத்தீர்மானம் எளிது, ஆனால் சரியன்று.

வாங்குவோர் ஏமாந்தால் நஷ்டம் சில ரூபாயோடு போய்விடும். வளர்ப்போர் ஏமாந்தால் அது அவ்வாறு முடிவதில்லை. நிறமுள்ள முட்டையிடும் கோழி அனைத்தும் சுத்த நாட்டு இனம் என்று நம்பி, அவற்றையே விருத்திக்கு வைத்துக்கொண்டால், பல தலைமுறைகளாக இம்மண்ணில் உருவான இனங்கள் சில ஆண்டுகளில் அடையாளம் இன்றிக் கலந்துவிடும். ஆகவே நிறம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதில்லை என்பதைக் கிராம ஊழியர்களும் ஆசிரியர்களும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

கோழியின் உடலினுள் ஒரு முட்டை உருவாவதற்கு உத்தேசமாக 24 முதல் 26 மணி நேரம் பிடிக்கிறது. இதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு அமைவதிலேயே கழிகிறது. ஓடு முதலில் வெண்மையான சுண்ணாம்புப் பொருளே. பழுப்பு முட்டையில், புரோட்டோபார்ஃபைரின் என்னும் நிறமி கடைசிச் சில மணி நேரங்களில் ஓட்டின் மேற்புறத்தில் படிகிறது. எனவே பழுப்பு முட்டையை உடைத்து உள்தோலை உரித்துவிட்டுப் பார்த்தால், ஓட்டின் உட்புறம் வெளுத்திருக்கும். நீல முட்டையில் பிலிவர்டின் என்ற வேறொரு நிறமி ஓடு வளரும்போதே அதனுடன் கலந்துவிடுகிறது. அதன் உட்புறமும் நீலமே. பச்சை முட்டை என்று தனியாக ஒரு நிறமி இல்லை. நீல ஓட்டின்மேல் பழுப்பு பூசப்பட்டால் பச்சையாகத் தோன்றுகிறது; உட்புறம் நீலமாகவே இருக்கும். முட்டை ஓடுகளைக் கொண்டே வகுப்பில் காட்டத்தக்க பாடம் இது. தீவனத்தால் மஞ்சட்கருவின் நிறம் மாறும், ஓட்டின் நிறம் மாறாது என்பதையும் அப்போதே மாணவர்க்குச் சொல்லலாம்.

நீல முட்டையிடும் கோழிகள் நம் கிராமங்களில் வழக்கமில்லை. எனினும் நிறத்துக்கும் இனத்துக்கும் உள்ள உறவை விளக்க அவற்றைப்போன்ற உதாரணம் வேறில்லை. தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் மாபுச்சே மக்கள் வளர்த்த கோழிகள் நீல முட்டையிட்டன. ஸ்பெயின் தேசத்துப் பேராசிரியர் சால்வடோர் காஸ்டெல்லோ அவற்றை 1914-இல் கண்டு, 1921-இல் ஹேக் நகரில் நடந்த உலகக் கோழி மகாநாட்டில் ஒரு புதிய இனமென்று அறிவித்தார். வாலின்மையும் காதருகே இறகுக் குஞ்சமும் அதன் லட்சணங்கள் எனக் கூறினார். அவர் கண்டது வாலற்ற ஒரு வகையையும் குஞ்சமுள்ள மற்றொரு வகையையும் ஒருவர் கலந்து வளர்த்த மந்தை என்பது பின்னரே தெரியவந்தது. ‘அரௌகானா’ என்று இன்று சுத்த இனமாகப் போற்றப்படுவதன் தொடக்கமே ஒரு கலப்பு!

நீல நிறம் ஒரே ஜீனினால் உண்டாவது, அது ஓங்குதன்மை உடையது என்று 1933-இல் ஆங்கில விஞ்ஞானி பன்னெட் நிரூபித்தார். அதாவது தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து அந்த ஜீனைப் பெற்றாலே போதும். பெட்டை நீல முட்டையிடும். ஆகையால் ஒரு கோழி நீல முட்டையிடுகிறது என்பதிலிருந்து, அதன் மூதாதையரில் யாரோ ஒருவர் அந்த ஜீனைத் தந்தார் என்பதற்கு மேல் எதுவும் பெறப்படாது. அமெரிக்காவில் ‘ஈஸ்டர் எக்கர்’ என்ற பெயரில் விற்கப்படும் கோழிகள் இத்தகைய கலப்பினங்களே. முறைப்படி தூய இனமாக ஏற்கப்பட்ட அரௌகானா, அமெரௌகானா ஆகியவற்றிலிருந்து அவற்றை வேறுபடுத்தும்போது முட்டையைப் பார்ப்பதில்லை. அரௌகானாவில் வாலின்மையையும் குஞ்சத்தையும், அமெரௌகானாவில் வாலையும் தாடி இறகையும் சாம்பல் நீலக் கால்களையும் பார்க்கின்றனர்; அவை சந்ததியிலும் மாறாது வருகின்றனவா என்று கவனிக்கின்றனர்.

2013-இல் வெளிவந்த ஆராய்ச்சிகள் இன்னொரு விந்தையை வெளிப்படுத்தின. பழங்காலத்து வைரஸ் ஒன்றின் துண்டு கோழியின் முதலாம் குரோமோசோமில் புகுந்ததே நீல ஓட்டுக்குக் காரணம். சீனத்துக் கோழிகளிலும் தென் அமெரிக்கக் கோழிகளிலும் அது வெவ்வேறு புள்ளிகளில், தனித்தனியே புகுந்திருக்கிறது. நிறம் ஒன்று, வம்சம் இரண்டு.

ஒரு நீல முட்டைப் பெட்டை அந்த ஜீனை இரட்டையாகப் பெற்றிருக்கிறதா, ஒற்றையாகவா என்பதைச் சந்ததியைக் கொண்டு அறியலாம். வெள்ளை முட்டை வம்சத்துச் சேவலுடன் அதைச் சேர்த்துப் பிறக்கும் பெட்டைகளின் முட்டைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்றேனும் வெள்ளை முட்டையிட்டால் தாய் ஒற்றை ஜீன் உடையது. ஒற்றை ஜீன் உடைய தாயின் ஐந்து பெட்டைகளும் தற்செயலாக நீல முட்டையே இடுவதற்கு 32-இல் ஒரு பங்குதான் வாய்ப்பு. ஏழு பெட்டைகளுக்கு 128-இல் ஒரு பங்கு. ஆனால் இச்சோதனையில் தேறுவதும் ஒரு ஜீனின் தூய்மையே தவிர இனத்தின் தூய்மையன்று.

இனி நம் முற்றத்துக்கு வருவோம். பழுப்பு நிறத்தின் கதை நீலத்தைவிடச் சிக்கலானது. பல ஜீன்கள் சேர்ந்து அதை நிர்ணயிக்கின்றன. வெள்ளை முட்டையினத்தோடு கலந்தால் சந்ததியின் முட்டை இடைப்பட்ட சந்தன நிறமாக அமையும். நாட்டுக் கோழியின் முட்டையும் பெரும்பாலும் அந்நிறமே! அன்றியும், பெட்டைக்கு வயது ஏற ஏற நிறம் வெளுக்கும். அச்சத்தினாலும், வெள்ளைக் கழிச்சல் முதலிய நோய்களினாலும் வெளுக்கும். இரத்தக் கழிச்சலுக்குத் தரப்படும் நிகார்பசின் என்னும் மருந்தினாலும் வெளுக்கும். ஆகவே ஒரு நாள் முட்டையைக் கண்டு முடிவு கூறுதல் தகாது.

ஹைதராபாத்தில் 1988-இல் தொடங்கப்பெற்ற மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம், வனராஜா, கிராமப்பிரியா என்னும் புழக்கடைக் கோழி வகைகளை உருவாக்கியது. வண்ண இறகு, பழுப்பு முட்டை ஆகியவற்றால் இவை நாட்டுக் கோழியை ஒத்திருக்கின்றன. கிராமப்பிரியா புழக்கடையிலேயே ஆண்டுக்கு 160 முதல் 180 முட்டைகள் வரை இடும். நாட்டுப் பெட்டையோ அதில் பாதியைக்கூட எட்டுவது அரிது. வருமானத்தை நாடும் குடும்பத்துக்கு இவை நல்ல கோழிகளே. அவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் அவை திட்டமிட்டுக் கலந்து பெற்ற கோழிகளாதலால், அவற்றின் குஞ்சுகள் பெற்றோரைப் போலவே அமையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இவற்றின் சேவல்கள் தெருவில் திரிந்து நாட்டுப் பெட்டைகளோடு சேரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

குப்பத்துக்கு இதில் தனி அக்கறை உண்டு. கர்நாடகத்தின் கோலார் மாவட்டமும் அதை அடுத்த சித்தூர்ப் பகுதியும் ‘காகஸ்’ என்னும் இனத்தின் தாயகம். நாடோடி மக்கள் வளர்த்துக் காத்துவந்த கோழி இது. திருப்பதி மாவட்டத்தில் இப்போது அடங்கியிருக்கும் ஸ்ரீகாளஹஸ்தியின் பெயரால் ‘காளஸ்தி’ என்று மற்றோர் இனம் உண்டு; கருநீலமும் பழுப்புமான இறகுகளை உடையது. இவ்விரண்டும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிலையத்தின் இனப் பட்டியலில் இடம்பெற்றவை. ஆந்திரத்தின் புகழ்பெற்ற அசில் கோழியும் அப்பட்டியலில் உள்ளது.

காகஸ் கோழியின் இறகு பெரும்பாலும் பழுப்பு. சேவலின் கழுத்தில் பொன்னிற இறகுகளும், மார்பு, வால், தொடை ஆகியவற்றில் மினுமினுக்கும் கருநீல இறகுகளும் காணப்படும். தொண்டைத் தோல் தளர்ந்து தொங்கும். தாடை மடல்கள் சிறியவை. கால்கள் நேராகவும் உறுதியாகவும் இருக்கும். கொண்டை இருவகைப்படும்: பற்களுடைய ஒற்றைக் கொண்டை, அல்லது பட்டாணிகளை மூன்று வரிசையாகப் பதித்தாற்போன்ற தாழ்ந்த கொண்டை. இங்கே ஊழியர்கள் தவறு செய்ய இடமுண்டு. அசிலுக்கு உரியது பட்டாணிக் கொண்டை ஒன்றே. அசில் எனப்படும் மந்தையில் ஒற்றைக் கொண்டைக் குஞ்சு தோன்றினால் கலப்பு நேர்ந்ததென ஐயுறலாம். அதே ஐயத்தைக் காகஸ் மந்தையின்மீது சுமத்தலாகாது.

காதுமடல் வெள்ளையானால் முட்டையும் வெள்ளை, சிவப்பானால் பழுப்பு என்ற சொல்லும் பரவலாக உண்டு. லெகார்ன் போன்ற சில இனங்களுக்கு இது பொருந்தும்; விதியன்று. சிவந்த மடலுடைய டார்க்கிங் கோழி வெள்ளை முட்டையிடுகிறது. இதைப்போன்றதே கடக்நாத் பற்றிய மயக்கமும். அதன் உடல் கறுப்பு. முட்டையோ வெளிறிய பழுப்பு. கறுப்பு முட்டை எதிர்பார்த்து ஏமாந்தவர் பலர். அக்கருமையும் ஓங்குதன்மை உடைய ஜீனால் வருவதாதலால், கலப்பிலும் கறுத்த குஞ்சுகள் பிறக்கக் காணலாம்.

வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து நாட்டு முட்டையென விற்கும் மோசடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வினிகரில் தேய்த்தால் நிறம் போகிறதா என்று பார்க்கச் சொல்வது வழக்கம். இயற்கைப் பழுப்பும் மேற்புறத்தில் இருப்பதால் வினிகரில் அதுவும் கரைந்து கழலும். எனவே இச்சோதனையால் நேர்மையான வியாபாரிமீதும் பழி விழக்கூடும். கரன்சி நோட்டுகளைச் சோதிக்கும் புறஊதா விளக்கை இருட்டறையில் காட்டுவது மேல். புரோட்டோபார்ஃபைரின் சிவந்து ஒளிரும். தேயிலைச் சாயம் அவ்வாறு ஒளிராது. விளக்கை நேராக நோக்குதல் கூடாது.

அப்படியாயின் களத்தில் எதைக் கவனிப்பது? என் அபிப்பிராயத்தில் முதலிடம் அடைகாக்கும் குணத்துக்கே. நாட்டுப் பெட்டை அடையில் அமர்ந்து, குஞ்சு பொரித்து, பருந்துக்கு இரையாகாமல் வளர்த்துத் தரும். முட்டை மிகுதிக்காகத் தேர்ந்தெடுத்த கோழிகளில் இக்குணம் பெரிதும் போய்விட்டது. கலப்புப் பெட்டைகளில் சில அமரும், சில பாதியில் எழுந்துவிடும். அடைகாக்கும் கோழியில்லாத வீடு ஒவ்வொரு முறையும் குஞ்சுக்குப் பொரிப்பகத்தையே நாட வேண்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது முட்டையின் எடை. நாட்டு முட்டை பொதுவாக 40 கிராமை ஒட்டியிருக்கும். 55 கிராமுக்கு மேற்பட்ட பழுப்பு முட்டை தொடர்ந்து வருமாயின் அவ்வீட்டில் மேம்பட்ட வகையின் இரத்தம் உண்டு எனக் கொள்ளலாம். மூன்றாவது, ஒரே தாயின் இரண்டு ஈடுகளையேனும் பார்த்துக் கொண்டை, கால் நிறம், உடலமைப்பு ஆகியன குறித்து எழுதிவைத்தல். இறகு வண்ணம் நாட்டு இனங்களிலேயே பலவாக வரும். அதற்கு அதிக மதிப்புத் தர வேண்டியதில்லை. கடைசியாக, சேவல் எங்கிருந்து வந்தது என்று வீட்டுப் பெண்களைக் கேட்டறிய வேண்டும். சேவலும் முட்டை நிறத்துக்கான ஜீன்களைச் சுமக்கிறது. அதன் உருவில் அவை தெரிவதில்லை.

சுத்தம் என்பதும் ஓர் அளவுதான். கோழிகளின் மஞ்சள் காலுக்குரிய ஜீன், தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டறிந்துள்ளனர். ஆதியில் கலவாத கோழி என ஒன்றைத் தேடுவது வீண். நாம் காக்க விழைவது, ஒரு பிரதேசத்தில் நெடுங்காலம் பழகி, தன் லட்சணங்களைச் சந்ததிக்கு மாறாமல் தரும் மந்தையையே.

அத்தகைய மந்தையை வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஊழியர் சொல்லவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அயல் சேவலை விலக்கியவுடனேயே அடுத்த முட்டை சுத்தமாகிவிடாது. பெட்டை தன் உடலில் விந்தணுக்களை இரண்டு, மூன்று வாரம் வரை உயிரோடு சேமித்துவைக்கும். எனவே சேவலை மாற்றிய நாளைக் குறித்துக்கொண்டு, நான்கு வாரம் வரை இடும் முட்டைகளை உணவுக்கோ விற்பனைக்கோ அனுப்பிவிட வேண்டும். அதன்பின் இடும் முட்டைகளைப் பென்சிலால் தேதியிட்டு அடைக்கு வைக்கலாம்.