மல்பெரிப் போத்துகளைத் தேர்ந்தெடுத்தல்

மல்பெரிப் பட்டுப்புழு தன் ஆயுளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்கிற்குமேல் ஐந்தாம் பருவத்திலேயே தின்றுவிடுகிறது. அந்தச் சில நாட்களில் இலை போதாவிடில் கூடு சிறுக்கும். தறிக்கு வரும் நூலும் குறையும். மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் ஏக்கருக்கு 4,840 செடிகள் நிற்க வேண்டும். ஐந்தில் ஒன்று தவறினால் 968 செடிகளின் இலை நமக்கில்லை. ஆகையால் அங்கத்தினர்கள் உரத்தைப்பற்றி யோசிக்குமுன் போத்தைப்பற்றி யோசிப்பது நலம்.

விதை போட்டு வளர்க்கலாகாதோ எனச் சிலர் கேட்பதுண்டு. விதை முளைக்கத்தான் செய்யும். ஆனால் மல்பெரி அயல் மகரந்தத்தால் கருவுறும் பயிராதலின், விதை நாற்றுகள் ஒன்றைப்போல் ஒன்று இரா. போத்தோ தாய்ச்செடியின் குணத்தை அப்படியே கொண்டுவரும். மைசூர் மத்திய பட்டு ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் உருவாக்கிய வி-1 ரகம் இறவைத் தோட்டங்களுக்கு ஏற்றது. அதனை நாடுவோர், இன்ன ரகமென்று தெரியாத கவாத்துக் குச்சிகளை இனாமாகக் கிடைக்கிறதென்று கலந்து நடுவது வீண் செலவேயாகும்.

ஆறு முதல் எட்டு மாதம் முதிர்ந்த, நோயற்ற கிளையையே வெட்ட வேண்டும். பருமன் பென்சிலைவிடச் சற்று மிகுந்திருக்கட்டும். பச்சையான நுனி அழுகிவிடும், அதனைக் கழித்துவிடுக. இதன் காரணத்தை அறிவது அவசியம். வேர் விடும்வரை போத்து தன் தண்டில் சேமித்துள்ள மாவுப்பொருளைக்கொண்டே உயிர் வாழ்கிறது. வேருக்கு முன்பே மொட்டு விரிந்துவிடுவதும் உண்டு. தளிரைக் கண்டவுடன் வேர் பிடித்ததென்று மகிழ்ந்து தண்ணீரை நிறுத்துவோர் உளர். சேமிப்புத் தீர்ந்ததும் தளிர் வாடிவிடுகிறது.

போத்தின் நீளம் 15 முதல் 20 சென்டிமீட்டர். மொட்டுகள் மூன்று அல்லது நான்கு. கூரிய கத்தியால், பட்டை பிளவாமல், அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டுக. நுனிகளை ஒரே பக்கமாக வைத்துக் கட்டினால் தலைகீழாக நட நேராது. நட நாளாகுமாயின் நிழலில், ஈரச்சாக்கில் சுற்றி வைக்கலாம்.

நேரே வயலில் நடுவதைவிட நாற்றங்காலே மேலானது என்பது எம் கருத்து. தவறிய போத்துகள் அங்கேயே கழிந்துவிடும். நீர் வடியும் பாத்தியில் மக்கிய தொழு உரமிட்டு, வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டரும், போத்துக்குப் போத்து 8 சென்டிமீட்டரும் விட்டு, ஒரு மொட்டு மட்டும் வெளியே தெரியுமாறு ஊன்றுக. ஏக்கருக்கு 6,000 போத்துகள் ஊன்ற, வாய்க்கால் நீங்கலாக, இரண்டரை சென்ட் நிலம் போதும். கிணற்றடியில் நிலமுள்ள அங்கத்தினர் ஒருவரிடம் நால்வர் சேர்ந்து ஒரே நாற்றங்கால் போடலாம். காவலும் இறைப்பும் சுலபம். கறையான் உள்ள மண்ணாயின் முன்னரே கவனிக்க.

மூன்று, நான்கு மாதங்களில் நாற்று தயாராகும். பாத்தியை முதலில் நன்கு நனைத்து, வேர் அறாமல் எடுத்து, அன்றே நட்டுவிடுக. நெடுந்தூரம் கொண்டுசெல்வதாயின் வேரை ஈரச்சாக்கால் மூட வேண்டும்.