கிளிசரினைக் கழிவாக்கலாமா?

எண்ணெயிலிருந்து பயோடீசல் உண்டாக்கும் முயற்சியைப் பற்றிப் பேசுவோர் பலர். அதனுடன் கூடவே பிறக்கும் கிளிசரினைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும் அத்தொழில் தழைப்பதும் நலிவதும் பெரிதும் இந்த உபபொருளைப் பொறுத்தே இருக்கிறது என்பது நமது கருத்து.

விஷயம் இதுதான். தாவர எண்ணெயையோ, பலகாரம் சுட்டு மீந்த எண்ணெயையோ மெதனாலுடன் சேர்த்து, சிறிது காஸ்டிக் சோடாவைக் கிரியா ஊக்கியாகக் கொண்டு சூடாக்கினால், பயோடீசல் மேலே பிரிய, கிளிசரின் அடியில் தங்குகிறது. 100 டன் பயோடீசலுக்குச் சுமார் 10 டன் கிளிசரின் என்பது கணக்கு. இது மருந்துக் கடையில் நாம் காணும் தெளிந்த கிளிசரின் அன்று. மெதனாலும் உப்பும் சோப்பும் கலந்த பழுப்புக் குழம்பு. சுத்தி செய்யவோ செலவு பிடிக்கும். மெதனால் நச்சாதலால் கண்ட இடத்தில் கொட்டவும் இயலாது. சிறு ஆலைக்காரருக்கு இது பெரும் பாரமே.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பயோடீசல் ஆலைகள் பெருகவே, கிளிசரின் சந்தையில் குவிந்து விலை வீழ்ந்தது. பெட்ரோலியத்தில் கிடைக்கும் புரொபிலீனை எபிகுளோரோஹைட்ரினாக்கி, அதிலிருந்து கிளிசரின் செய்துவந்த டௌ கம்பெனி, டெக்ஸாஸிலுள்ள பிரீபோர்ட் ஆலையை 2006ல் மூட நேர்ந்தது.

ஆனால், அந்த வீழ்ச்சியிலேயே புதுவழியும் பிறந்தது. ஸால்வே கம்பெனியார் பழைய முறையைத் தலைகீழாக்கினர். மலிந்து கிடந்த கிளிசரினுடன் ஹைட்ரஜன் குளோரைடைச் சேர்த்து, பின்னர் காரத்தால் மாற்றி, எபிகுளோரோஹைட்ரினையே செய்தனர். 2007ல் பிரான்ஸில் தொடங்கிய இம்முறையில், 2012ல் தாய்லாந்தின் மாப் தா புத்தில் ஆண்டுக்கு 1,00,000 டன் செய்யவல்ல ஆலை எழுந்தது. இப்பொருளே எபாக்ஸி பிசினுக்கு மூலம். வர்ணங்களும் காற்றாலை இறக்கைகளும் மின்சுற்றுப் பலகைகளும் அப்பிசினை நாடுகின்றன. ஹைட்ரஜனைச் செலுத்தி, கிளிசரினைப் புரொபிலீன் கிளைகாலாக மாற்றுவதும் உண்டு. கிளிசரினைத் தின்று, துணியிழைக்கு உதவும் புரொபேன்டையாலைத் தரும் நுண்ணுயிர்களும் உண்டு.

நம் நாட்டின் நிலை யாது? 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டுமென்று 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை குறி வைத்தது. நாடு ஆண்டுக்குச் செலவிடும் டீசல் சுமார் 9 கோடி டன். அக்குறியை எட்டினால் சுமார் 45 லட்சம் டன் பயோடீசலும், அதனுடன் நாலரை லட்சம் டன் கிளிசரினும் வரும். குஜராத்தின் தஹேஜில் 2022ல் தொடங்கிய எபிகுளோரோஹைட்ரின் ஆலையின் திறன் ஆண்டுக்கு 50,000 டன். ஒரு டன்னுக்கு ஒரு டன்னைச் சற்று மிஞ்சிய கிளிசரின் வேண்டும். அத்தகைய ஆலைகள் எட்டு இருந்தாலும் நாம் சொன்ன கிளிசரின் அனைத்தையும் உண்டுவிடும். ஆதலின் கிராக்கிக்குக் குறைவில்லை, குறைவு ஏற்பாட்டில்தான்.

ஊருக்கொன்றாய்ச் சிதறி நிற்கும் சிறு ஆலைகள் தத்தம் குழம்பைத் தாமே சுத்தி செய்வது கட்டாது. பல ஆலைகள் சேர்ந்து கூட்டுறவு முறையில் ஒரே சுத்திகரிப்புச் சாலை அமைக்கலாம். கிரியா ஊக்கியைக் கெடுக்கும் உப்பை மலிவாக நீக்கும் வழியை நமது பரிசோதனைச்சாலைகள் காண வேண்டும். பயோடீசல் ஆலைக்கு அனுமதி கேட்போரிடம், கிளிசரின் எங்கே போகும் என்ற கேள்வியைச் சர்க்கார் முதலிலேயே கேட்க வேண்டும்.

இவற்றைச் செய்யாவிடில், எரிபொருளில் மிச்சம் பிடித்த பணத்தை ரசாயன இறக்குமதியில் இழப்போம். கழிவைக் கொட்டிய நிலத்தையும் நீரையும் இழப்போம். செய்தால், அடியில் தங்கிய குழம்பே ஆலையைத் தாங்கும் முதலாகும். எது வேண்டுமென்பதை ஆலைகள் எழுந்த பின்னரன்றி, எழுமுன்னரே தீர்மானிப்பதுதான் அறிவுடைமை.