முதியோரும் உணவு நேரமும்

மருத்துவமனையில் இரவு உணவு 7 மணிக்கு முடிந்து, காலை உணவு 8 மணிக்கு வருமாயின் இடைவெளி 13 மணி நேரம். நோயுற்றுப் படுத்திருக்கும் முதியவரின் தசை விரைவில் மெலியும். நெடும் பட்டினி அதனை மேலும் மிகுவிக்கும். தசை மெலிந்தால் எழுந்து நடப்பது கடினமாகும். புண் ஆறுவதும் தாமதமாகும்.

முதியோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 1 கிராம் புரதம் பொதுவாகத் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். பசி குன்றியவர் இதனை மூன்று வேளையில் உண்பது அரிது. எனவே சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை கொடுப்பதும், உறங்குமுன் ஒரு குவளை பால் தருவதும் நன்று. நீரிழிவு, சிறுநீரக நோய், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு மருத்துவரின் அறிவுரைப்படியே உணவளியுங்கள்.

பரிசோதனைக்காக வெறும் வயிற்றுடன் இருக்கச் சொன்னால், எவ்வளவு நேரம் என்பதைச் செவிலியரிடம் கேட்டறியுங்கள். பரிசோதனை தள்ளிப்போனால், உணவு தரலாமா என மீண்டும் கேளுங்கள். முடிந்ததும் தவறிய வேளை உணவைக் கேட்டுப் பெறுங்கள்.

உண்ணும்போது நோயாளியை நிமிர்ந்து உட்கார வையுங்கள், பல்செட்டை அணிவியுங்கள். தட்டில் உணவு மிஞ்சினால் மறைக்க வேண்டா; செவிலியரிடம் கூறுங்கள். அதுவும் சிகிச்சைக்குத் தேவையான செய்தியே.