தாயின் கையிலிருந்து பிரிக்காத உதவி

2003ஆம் ஆண்டு கோடைக்காலம். திருப்பதியில் ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு, சென்னைக்குத் திரும்புவதற்காக ரயில் நிலையத்தில் காத்திருந்தேன். தண்ணீர்க் குழாயின் அருகே ஏறக்குறைய ஒன்பது வயதுள்ள சிறுவன் ஒருவன் தனியே அமர்ந்திருந்தான். முகம் வாடியிருந்தது. "உனக்கு யாருமில்லையா, தம்பி?" என்று கேட்டேன். அவன் தலையசைத்தான். யாருமில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்தத் தலையசைப்பின் பொருள் அதுதானா என்று மறுபடி கேட்கவில்லை. ஆகாரம் வாங்கிக் கொடுத்து, என்னுடனேயே சென்னைக்கு அழைத்து வந்து, எனக்கு அறிமுகமான ஒரு விடுதியில் சேர்த்தேன். அடுத்த ஞாயிறு அதைச் சபையில் சாட்சியாகவும் சொன்னேன்.

பதினோரு மாதங்களுக்குப் பின்னரே உண்மை தெரியவந்தது. அவனுடைய ஊர் சித்தூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமம். 2002இல் மழை பொய்த்தது, தகப்பனும் மரித்துவிட்டார். கூலிவேலை தேடி மகனோடு திருப்பதிக்கு வந்த தாய், அவனைக் குழாயருகே உட்காரவைத்து, வேலை கேட்கச் சென்றிருக்கிறாள். திரும்பி வந்தபோது மகன் இல்லை. அதன்பின் வாரந்தோறும் அதே இடத்தில் வந்து நின்றிருக்கிறாள். மகனை மீண்டும் கண்ட நாளில் அவள் என்னைச் சபிக்கவில்லை. "ஐயா, நல்ல மனசோடதான் செஞ்சீங்க. ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியே இக்கட்டுரையை எழுதவைத்தது.

வனாந்தரத்தில் அழுத பிள்ளை

ஆகாரும் இஸ்மவேலும் பெயெர்செபா வனாந்தரத்தில் அலைந்த சம்பவத்தை நாம் அறிவோம். துருத்தியில் தண்ணீர் தீர்ந்தது. பிள்ளை சாவதைக் காணச் சகியாத தாய், அவனைச் செடியின்கீழ் விட்டு, சற்றுத் தொலைவில் உட்கார்ந்து அழுதாள். தேவன் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார். அவர் அனுப்பிய உதவி எத்தகையது? அப்பிள்ளையை எடுத்து வேறொருவரிடம் கொடுக்கவில்லை. தாயின் கண்களைத் திறந்து தண்ணீருள்ள துரவைக் காண்பித்தார். மகனைத் தூக்கி அவன் கையைப் பிடிக்கும்படி அவளுக்கே கட்டளையிட்டார். தண்ணீரும் தாயின் கையும் ஒன்றாகவே வந்தன. நான் 2003இல் தண்ணீரைக் கொடுத்தேன், கையை விடுவித்துவிட்டேன்.

இந்த மண் கண்ட துயரங்கள்

சித்தூர் மண்ணுக்குப் பிள்ளைகளின் பசி புதியதல்ல. 1911இல் தனி மாவட்டமாவதற்கு முன்னர் சித்தூர், வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும் பஞ்சத்தில் இப்பகுதியும் தப்பவில்லை. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், சிறுமியாக இருந்தபோது பட்டினிப் பிள்ளைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அவரே பிற்காலத்தில் வேலூர் மருத்துவமனையை நிறுவியவர். அப்பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலரை மிஷன் விடுதிகள் ஏற்று உயிர்காத்தன. அது நன்றியோடு நினைக்கத்தக்கது. ஆயினும் உயிர் பிழைத்த பிள்ளைக்கு ஊரும் உறவும் வேண்டும் என்பதை உலகம் பின்னரே தெளிவாகக் கற்றது.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் மாநகரின்மேல் குண்டுகள் விழுந்தபோது, அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் அங்கே பிள்ளைகளுக்கான காப்பகங்களை நடத்தினர். குண்டுகளின் பயங்கரத்தைக் காட்டிலும், தாயைப் பிரிந்ததே அநேக பிள்ளைகளை ஆழமாகக் காயப்படுத்தியது என்று அவர்கள் கண்டறிந்தனர். தாய் அருகிலிருந்தால் இடிபாட்டின் நடுவிலும் பிள்ளை உறங்கியது.

நம் நாட்களிலும் இந்த மண் கலங்கியது. 2021 மே 10ஆம் தேதி இரவு, கொரோனா இரண்டாம் அலையின் நடுவே, திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வருவதில் ஏற்பட்ட தடையால் 11 நோயாளிகள் மரித்ததாக அதிகாரிகள் அறிவித்தனர். அதே ஆண்டு நவம்பரில் பெருமழை பெய்து திருப்பதி நகரின் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுந்தது, சுவர்ணமுகி கரைபுரண்டது. இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு தோன்றவே, கீழ்ப்புறத்துக் கிராமங்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அக்காலத்தில் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதி, 2022 ஏப்ரலில் தனி மாவட்டத்தின் தலைமையிடமாயிற்று. மாவட்டத்தின் பெயர் மாறினாலும், மழை பொய்க்கும் ஆண்டிலும் மிஞ்சும் ஆண்டிலும் முதலில் பள்ளியை விட்டு நிற்பவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகளே.

சட்டம் சொல்லுவது என்ன?

தனித்திருக்கும் பிள்ளையைக் கண்டால் நம் வீட்டிற்கோ விடுதிக்கோ அழைத்துச் செல்ல நமக்கு அதிகாரம் இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதில் தெளிவாயிருக்கிறது. அப்பிள்ளையைக் குறித்து 24 மணி நேரத்திற்குள் காவல்துறைக்கோ, பிள்ளைகள் உதவி எண்ணுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்கவேண்டும். தெரிவியாமல் விடுவது ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கோ, பத்தாயிரம் ரூபாய் அபராதத்திற்கோ, இரண்டிற்குமோ உரிய குற்றமாகும். விடுதியில் சேர்ப்பது கடைசி வழி என்பதும் அச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று.

இது இரக்கத்திற்குத் தடைபோடும் சட்டமல்ல. பேரிடர் காலத்தில் நல்லவரைப் போலவே பிள்ளைக் கடத்தல்காரரும் அன்பாகப் பேசி, ஆகாரம் வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்து அழைத்துச் செல்லுகிறார். நம் இருவரையும் வேறுபடுத்திக் காண்பிப்பது அந்த 24 மணி நேரமே. 2003இல் அந்தத் தாயின் பார்வையில் எனக்கும் கடத்தல்காரருக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

1. 1098 என்ற எண்ணை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். 1996இல் மும்பையில் தொடங்கிய இந்த இலவசத் தொலைபேசிச் சேவையை 2023 முதல் அரசாங்கமே நடத்தி வருகிறது. நள்ளிரவிலும் அழைக்கலாம். ரயில் நிலையமானால் ரயில்வே காவலரிடம் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை பிள்ளையின் அருகிலேயே இருங்கள். அவனைக் கண்ட இடத்தை விட்டுத் தூரம் கொண்டுபோகாதிருங்கள்.

2. ஊரிலுள்ள உறவினரை நினைவுகூருங்கள். பட்டணத்தில் பிழைக்க வந்த நம்மில் பலருக்கு, தாய் தகப்பனை இழந்து பாட்டியின் நிழலில் வளரும் பிள்ளைகள் ஊரில் உண்டு. விதவைத் தாயோடும் உறவினரோடும் வாழும் ஏழைப் பிள்ளைகளுக்கு, மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும், நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மிஞ்சாதிருக்கவேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். இறப்புச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் அலைய அந்தப் பாட்டியால் இயலாது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நீங்கள் இரண்டு நாள் அவருக்காக அலையலாமே!

3. வெள்ள நிவாரணம் கொண்டு செல்லும்போது குடும்பத்தின் கையில் கொடுங்கள். குடிநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், உலர்ந்த உடை ஆகியவற்றோடு நனைந்துபோன பாடப்புத்தகத்தையும் நினையுங்கள். தன் பிள்ளைக்குத் தானே கொடுக்கிறோம் என்ற மரியாதை பெற்றோருக்கு மிஞ்சட்டும்.

4. பெற்றுக்கொள்ளும் பிள்ளையைப் படம் எடுத்து வெளியிடாதிருங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் பெயரையும் படத்தையும் வெளியிடுவதை அதே சட்டம் தடைசெய்கிறது. அரிசி மூட்டைக்கு நிபந்தனையும் வேண்டாம். பசித்தவனிடம் ஜெபத்திற்கு வருவாயா என்று கேட்டுக் கொடுப்பது உதவியல்ல, வியாபாரம்.

5. பிள்ளைகள் இல்லத்திற்குக் காணிக்கை அனுப்புகிறவர்கள் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இல்லம் பதிவு பெற்றுள்ளதா? பிள்ளைகள் நலக் குழுவின் உத்தரவோடு சேர்க்கப்பட்டவர்களா? தாயோ தகப்பனோ உயிரோடிருக்கும் பிள்ளைகள் கடைசியாக அவர்களைப் பார்த்தது எப்போது? நல்ல இல்லம் இக்கேள்விகளால் வருத்தப்படாது.

முடிவாக

அந்தச் சிறுவன் இன்று முப்பது வயதைக் கடந்த மனிதன். சித்தூரில் தன் தாயோடு வசிக்கிறான். ஆண்டுக்கு ஒருமுறை தொலைபேசியில் என்னோடு பேசுவான். குடும்பத்தைக் குறித்தும் மழையைக் குறித்தும் சொல்லுவான். அந்தப் பதினோரு மாதங்களைக் குறித்து அவன் ஒருபோதும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

அன்பான வாசகரே, அடுத்த முறை ஒரு ரயில் நிலையத்தில் தனியே அமர்ந்திருக்கும் பிள்ளையைக் காணும்போது, உங்கள் இரக்கத்தை அடக்காதிருங்கள். ஆனால் "உனக்கு யாருமில்லையா?" என்று என்னைப்போல் கேட்காதிருங்கள். "அம்மா எங்கே போயிருக்காங்க?" என்று கேளுங்கள். பின்பு 1098ஐ அழைத்துவிட்டு, அவன் அருகில் உட்கார்ந்து காத்திருங்கள். ஒருவேளை அவள் வந்துகொண்டிருக்கலாம்.